காத்திருக்க முடிந்தவர் வெல்லும் வழக்கு

தில்லியில் தொழிலாளர் துறை அலுவலகம் ஒன்றின் தாழ்வாரத்தில், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் அமர்ந்திருந்தார். புந்தேல்கண்ட் பகுதியைச் சேர்ந்தவர். அவருடைய கணவர் கொத்தனார். அடுக்குமாடிக் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனார். மூன்று ஆண்டுகள் விசாரணை நடந்து, இழப்பீடு வழங்க வேண்டும் என்று ஆணையர் உத்தரவும் போட்டுவிட்டார். பணம்தான் கைக்கு வரவில்லை. "கேஸ் மேலே போயிருக்கிறது என்கிறார்கள். மேலே என்றால் எங்கே?" என்று இந்தியில் கேட்டார். வேறொரு செய்திக்காக அங்கே போயிருந்த நான், உயர் நீதிமன்றத்துக்கு என்றேன். எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்பது அவருடைய அடுத்த கேள்வியாக இருந்தது.

மேல்முறையீடு என்பது நியாயத்தின் இரண்டாவது கதவு என்று நாம் பழகிவிட்டோம். கீழே தவறு நடந்தால் மேலே திருத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் நமது நீதி அமைப்பே நிற்கிறது. ஆனால், வேலையில் கையை இழந்தவருக்கும், கணவனை இழந்தவருக்கும் இந்த இரண்டாவது கதவு பெரும்பாலும் எதிராளி நுழையும் வழியாகவே இருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பெயர் மாறி, வடிவம் மாறி, ஒரு பெரிய சட்டத் தொகுப்புக்குள் கரைந்துவிட்ட இந்த நேரத்தில், அந்தக் கதவை யாருக்காக, எவ்வளவு திறந்து வைப்பது என்பதைப் பேசியாக வேண்டும்.

1923-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் ஆயிற்று. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்ததும் நூறாண்டு கடந்த அந்தச் சட்டம் விடைபெற்றது. ஆணையர் இருந்த இடத்தில் இப்போது 'தகுதிவாய்ந்த அதிகாரி' என்று எழுதப்பட்டிருக்கிறது. பெயரிலேயே தகுதியைச் சேர்த்துவிட்டார்கள், நல்லதுதான்.

பழைய சட்டம் ஓர் உடன்பாட்டின் மேல் எழுந்தது. வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தால், முதலாளியின் தவறு என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. பதிலுக்கு, அட்டவணை சொல்லும் தொகைக்கு மேல் கேட்கவும் முடியாது. உரிமையியல் நீதிமன்றங்கள் இதில் தலையிடக்கூடாது. ஆணையரே விரைவாக, செலவில்லாமல் முடித்துவைப்பார். குறைந்த தொகை, விரைந்த நியாயம் என்பதுதான் பேரம். தொகை குறைவாக இருக்கும் என்ற பாதி மட்டும் ஒருபோதும் தவறாமல் நிறைவேறி வந்திருக்கிறது.

கணக்கைப் பார்த்தால் புரியும். மரணத்துக்கான இழப்பீடு, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்கி வருவது. முப்பது வயதுக்கு அந்தக் காரணி 207.98. ஆனால், எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அரசு அறிவித்த உச்சவரம்புக்கு மேல் கணக்கில் சேராது. 2010 முதல் அந்த வரம்பு 8,000 ரூபாய். 2020 ஜனவரி 3-ஆம் தேதி அறிவிக்கையில்தான் 15,000 ஆயிற்று. பத்தாண்டுகள் விலைவாசி நகராமல் நின்றது போலும்! முப்பது வயதில், மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த ஒருவர் 2019 டிசம்பரில் இறந்திருந்தால் குடும்பத்துக்கு 8 லட்சத்து 31 ஆயிரத்து 920 ரூபாய். அடுத்த மாதம் நடுவில் இறந்திருந்தால் 15 லட்சத்து 59 ஆயிரத்து 850 ரூபாய். விபத்து நடந்த நாளின் விதியே பொருந்தும் என்பது நிலைபெற்ற சட்டக் கோட்பாடு. அதில் குறை காண முடியாது. வரம்பை உயர்த்தாமல் பத்தாண்டுகள் உறங்கியவர்களிடம்தான் குறை.

இனி மேல்முறையீட்டுக்கு வருவோம். ஆணையரின் உத்தரவை எதிர்த்து அறுபது நாள்களுக்குள் உயர் நீதிமன்றம் செல்லலாம். ஆனால், முக்கியமான சட்டப் பிரச்னை ஒன்று எழுந்தால் மட்டுமே. விபத்து நடந்ததா, இறந்தவர் அங்கே வேலை பார்த்தவர்தானா, சம்பளம் எவ்வளவு, ஊனம் எத்தனை சதவீதம் என்பவை எல்லாம் உண்மை குறித்த கேள்விகள். அவை ஆணையரோடு முடிந்துவிட வேண்டியவை. முதலாளி மேல்முறையீடு செய்வதானால், உத்தரவிட்ட தொகை முழுவதையும் ஆணையரிடம் கட்டி, கட்டியதற்கான சான்றிதழை மனுவுடன் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மனு நிற்காது. புதிய தொகுப்பிலும் இந்த அமைப்பு தொடர்கிறது.

இதை மோட்டார் வாகன விபத்து வழக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே தீர்ப்பாயத்தில் அமர்பவர் மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர். அவருடைய தீர்ப்பை எதிர்த்து உண்மை, சட்டம் இரண்டின் மீதும் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு செய்பவர் கட்ட வேண்டியது 25,000 ரூபாய், அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி. இவற்றில் எது குறைவோ அது. லாரி ஓட்டுநர் ஒருவர் பணியின்போது சாலை விபத்தில் இறந்தால் அவர் குடும்பம் இந்த இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இரண்டிலும் கேட்க முடியாது. ஒரே மரணம், ஒரே குடும்பம். ஒரு வழியில் நீதிபதியும் அகலமான மேல்முறையீடும். மறு வழியில் அதிகாரியும் குறுகலான மேல்முறையீடும்.

குறுகலான கதவு தொழிலாளிக்குப் பாதுகாப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. உயர் நீதிமன்றத்தில் ஒவ்வொரு சாட்சியத்தையும் மறுபடி அலசத் தொடங்கினால் புந்தேல்கண்ட் பெண்ணின் மகன் வேலைக்குப் போகும் வயதாகிவிடும். ஆனால், மேலே கதவு குறுகலாக இருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கீழே இருக்கும் அறையில் வழக்கை முழுதாகக் கேட்டு, முழுதாக எழுதி, காலத்தில் முடிக்க வேண்டும். ஒரே ஒருவர்தான் உண்மையைத் தீர்மானிக்கப் போகிறார் என்றால், அந்த ஒருவருக்கு அதற்கான நேரமும் பயிற்சியும் தனி அலுவலகமும் வேண்டும்.

நடைமுறை அப்படியில்லை. 2009 திருத்தத்தில், மல்லிகார்ஜுன கார்கே தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது, மூன்று மாதங்களுக்குள் ஆணையர் வழக்கை முடிக்க வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஆணையர் ஆவதற்கான தகுதிகளும் வரையறுக்கப்பட்டன. மூன்று மாதம் தாண்டினால் என்ன ஆகும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே ஒன்றும் ஆகவில்லை. தமிழகத்தில் தொழிலாளர் துணை ஆணையர்கள் இந்தப் பொறுப்பையும் வகித்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இது பல வேலைகளில் ஒன்று. காலையில் வேறொரு சட்டத்தின்கீழ் விசாரணை, பிற்பகலில் கூட்டம், இடையில் இழப்பீட்டு வழக்குக்கு வாய்தா. வட மாநிலங்களில் நான் பார்த்த அலுவலகங்களிலும் நிலைமை இதைவிட மேலானதாக இல்லை.

விசாரணையின் சுமை யார் மேல் விழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தொழிலாளிக்கு நியமனக் கடிதம் கிடையாது. சம்பளச் சீட்டு கிடையாது. வருகைப் பதிவேடு ஒப்பந்தக்காரரிடம். சாரத்தில் கூட நின்றவர் சாட்சி சொல்ல வந்தால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வந்தவரானாலும் முதன்மை முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம் என்று பழைய சட்டத்தின் 12-ஆவது பிரிவு தெளிவாகவே சொன்னது. இருந்தும், 'இவர் எங்கள் ஆள் இல்லை' என்பதே ஒவ்வொரு வழக்கிலும் முதல் பதிலாக வருகிறது. இந்தப் பதிலுக்கு வயது அதிகம். ஒடிஸாவின் கோராபுட் மாவட்டத்தில், திரையரங்கம் ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் 1968 ஜூலையில் விழுந்தார். அவருடைய இடக்கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டது. அவர் எங்கள் தொழிலாளி அல்லர், சில்லறை ஒப்பந்தக்காரர் என்றது எதிர்த்தரப்பு. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனமே என்று ஆணையர் மறு ஆண்டே முடிவு செய்தார். வட்டியையும் அபராதத்தையும் எதிர்த்து நடந்த போராட்டம் உச்ச நீதிமன்றத்தில் முடிய 1975 டிசம்பர் ஆயிற்று. அடிப்படை இழப்பீடு பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவு. ஏழு ஆண்டுகளுக்கு மேல் வழக்கு.

நான்கு நீதிபதிகள் அமர்ந்து அளித்த அந்தத் தீர்ப்பு முக்கியமானது. காயம் பட்ட நாளிலேயே முதலாளியின் பொறுப்பு தொடங்கிவிடுகிறது. ஆணையர் தீர்ப்பளிக்கும் நாள் வரை காத்திருக்க அவருக்கு உரிமையில்லை என்று அது உறுதி செய்தது. மறுக்க முடியாத பகுதியை உடனே தற்காலிகமாகச் செலுத்த வேண்டும் என்பது சட்டத்திலேயே இருந்தது. நான் விசாரித்தவரை, அப்படித் தாமாக முன்வந்து செலுத்தியவர் ஒருவரையும் எந்த வழக்குரைஞரும் எனக்குச் சொன்னதில்லை.

அத்தனை தெளிவான தீர்ப்புக்குப் பிறகும் 2007-லும் 2009-லும் இரு நீதிபதிகள் அமர்வுகள் சில வழக்குகளில், தீர்ப்பு நாளிலிருந்துதான் வட்டி என்னும் பொருள்படச் சொல்லிவிட்டன. காப்பீட்டு நிறுவனங்களின் வழக்குரைஞர்கள் விடுவார்களா? நாடெங்கும் உயர் நீதிமன்றங்களில் அதையே பிடித்துக்கொண்டார்கள். முந்தைய பெரிய அமர்வின் தீர்ப்பைக் கவனிக்காமல் சொல்லப்பட்டவை முன்னுதாரணம் ஆகமாட்டா என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் திருத்தியது. நடுவே போன ஐந்து ஆண்டுகளில் வட்டியை இழந்த குடும்பங்கள் அந்தத் திருத்தத்தை எங்கே போய்க் காட்டும்?

வட்டி சிறிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஆண்டுக்கு 12 சதவீதம் தனிவட்டி. முன்னே சொன்ன பதினைந்தரை லட்சத்துக்கு அது ஆண்டுக்கு 1 லட்சத்து 87 ஆயிரம் ரூபாய். ஏறத்தாழ உயிரோடு இருந்தபோது அவர் வாங்கிய சம்பளம். ஆனால், வழக்கு முடியும்வரை குடும்பம் கடன் வாங்குவது மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு. ஆண்டுக்கு 36 ஆகிறது. தாமதத்தில் பெரிய நிறுவனத்துக்குச் செலவு 12, சிறிய குடும்பத்துக்கு 36. இந்த இடைவெளி இருக்கும்வரை மேல்முறையீடு என்பது சட்ட நடவடிக்கை என்பதைவிடப் பேரம் பேசும் கருவியாகவே இருக்கும். 'மேலே போனால் எத்தனை ஆண்டு ஆகுமோ, இப்போது பாதியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு' என்று சொல்லப்படுவது இதனால்தான். இப்படிப்பட்ட உடன்பாடுகளைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரத்தை ஆணையருக்குப் பழைய சட்டம் கொடுத்திருந்தது. மரணத்துக்கான தொகையை ஆணையரிடமே கட்ட வேண்டும், குடும்பத்திடம் நேரில் கொடுத்தால் கணக்கில் சேராது என்றும் சொன்னது. 1923-இல் இதை எழுதியவர்களுக்கு மனித இயல்பு தெரிந்திருந்தது.

சட்டப் பிரச்னை இருந்தால்தான் மேல்முறையீடு என்றால், உண்மைப் பிரச்னைக்குச் சட்டப் பிரச்னை என்று வேடம் போட வேண்டும், அவ்வளவுதான். 'ஊனம் 40 சதவீதமா 60 சதவீதமா' என்பது உண்மை. 'மருத்துவச் சான்றைத் தகுந்த முறையில் மதிப்பிடாமல் ஆணையர் முடிவெடுத்தது சட்டப்படி சரியா' என்று எழுதினால் அது சட்டம்! அட்டவணையில் இல்லாத காயங்களுக்கு மருத்துவர்தான் சம்பாதிக்கும் திறன் இழப்பை மதிப்பிடுகிறார். சிகிச்சை அளித்த மருத்துவர் வேறு, சான்று தந்தவர் வேறு என்பது மேல்முறையீட்டு மனுக்களில் அலுக்காமல் திரும்பி வரும் வாதம். இப்படி ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம் சாட்சியத்தை மறுபடி எடைபோட்டதை 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உண்மைகளைப் பொறுத்தவரை ஆணையரே இறுதி அதிகாரி என்றது. 2018 நவம்பரில் மற்றொரு தீர்ப்பில் இன்னும் விளக்கமாக, விபத்து, வேலை உறவு, வயது, சம்பளம், ஊனத்தின் அளவு, காப்பீடு இருந்ததா என்பவை எல்லாம் ஆணையர் தீர்மானிக்கும் உண்மைக் கேள்விகளே என்று வரிசைப்படுத்தியது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை வந்தது யார் தெரியுமா? ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகம். வட கிழக்கு கர்நாடகத்துடையது. எதிரே நின்றது இறந்த ஊழியரின் குடும்பம்.

நியாயமாகப் பேசினால் மறுபக்கத்துக்கும் ஒரு கட்சி உண்டு. பொய் வழக்குகள் இல்லாமல் இல்லை. சொந்த வண்டியை ஓட்டிய தம்பியைச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஓட்டுநர் என்று காட்டுவதும், விபத்துக்குப் பின் சம்பளச் சான்று தயாராவதும் காப்பீட்டு அலுவலகங்களில் நாள்தோறும் பேசப்படும் கதைகள். மூன்றே வரியில் காரணம் எழுதி லட்சக்கணக்கில் உத்தரவிடும் ஆணையர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு மேலே ஒருவர் முழுதாகப் பார்க்க வேண்டாமா என்று சிறு ஒப்பந்தக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டபோது உடனே பதில் சொல்ல வரவில்லை. காப்பீடு எடுக்காத அவருக்கு அந்தத் தொகை தொழிலையே முடித்துவிடும்.

ஆனால், அவர் சொல்லும் குறைக்கு மருந்து மேலே இல்லை, கீழேதான் இருக்கிறது. காரணம் எழுதாத உத்தரவால் அவருக்கு வரும் அதே தீங்கு, கோரிக்கை தள்ளுபடியான தொழிலாளிக்கு இரட்டிப்பாக வருகிறது. 'வேலை உறவு நிரூபிக்கப்படவில்லை' என்று ஒரு வரியில் ஆணையர் தள்ளிவிட்டால், அதுவும் உண்மை குறித்த முடிவுதான். அவருக்கும் அதே குறுகலான கதவுதான். சாட்சியமே இல்லாமல், அல்லது இருந்த சாட்சியத்தைப் பார்க்காமல் வந்த முடிவு சட்டப் பிழை ஆகும் என்று வாதாடலாம். அதை வாதாட வழக்குரைஞர் வேண்டும், உத்தரவின் நகல் வேண்டும், தலைநகருக்கு வந்துபோகப் பணம் வேண்டும். முதலாளி தரப்பின் மேல்முறையீடுகள் நீதிமன்றங்களை நிறைப்பதற்கும், தொழிலாளியின் மேல்முறையீடு அரிதாக இருப்பதற்கும் காரணம் கீழே எல்லாத் தீர்ப்பும் தொழிலாளிக்குச் சாதகமாக வருகிறது என்பதாக இருக்க முடியாது.

நாடாளுமன்றம் இதில் ஒரு நல்ல காரியம் செய்ததைச் சொல்லியாக வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது, கட்டிய தொகையைத் தொழிலாளிக்குக் கொடுக்காமல் நிறுத்திவைக்க 30-ஏ என்ற பிரிவு இடம் கொடுத்திருந்தது. பண்டாரு தத்தாத்ரேயா தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது, 2016 ஆகஸ்டில் மக்களவையில் கொண்டுவரப்பட்டு 2017-இல் சட்டமான திருத்தம் அந்தப் பிரிவையே நீக்கியது. மேல்முறையீட்டுக்கான குறைந்தபட்சத் தொகை 300 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய் ஆனதும் அதே திருத்தத்தில்தான். சில பக்கங்களே கொண்ட மசோதா. மறுநாள் நாளிதழ்களில் அதற்கு இடம் கிடைத்ததாக நினைவில்லை, இந்தச் செய்தியாளரின் நாளிதழ் உள்பட. ஆனாலும் பணம் தானாக நகர்ந்துவிடவில்லை. தடை கோரும் மனு மேல்முறையீட்டோடு சேர்ந்தே வருகிறது. ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம், மீதி வங்கியில் இருக்கட்டும் என்பது போன்ற இடைக்கால உத்தரவுகளில் ஆண்டுகள் ஓடுகின்றன.

2020-இல் வந்த தொகுப்பின் கதை வேறு. செப்டம்பர் 22-இல் மக்களவை, 23-இல் மாநிலங்களவை. எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டதைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்தன. சமூகப் பாதுகாப்பு உள்ளிட்ட மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் காலி இருக்கைகளுக்கு நடுவே நிறைவேறின. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் இழப்பீடு உண்டு என்ற வரவேற்கத்தக்க விதி அதில் இருக்கிறது. அதிலேயே 'விபத்தின் சூழ்நிலை, நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால்' என்ற நிபந்தனையும் இருக்கிறது. அடுத்த பத்தாண்டுக்கான மேல்முறையீடுகள் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து கிளம்பும் என்று இப்போதே சொல்லலாம். அந்த வாக்கியத்தை எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கேள்வி கேட்டிருந்தால், அமைச்சர் சந்தோஷ் கங்வார் அளித்திருக்கக்கூடிய விளக்கம் நாளை நீதிமன்றங்களுக்குப் பயன்பட்டிருக்கும்.

மத்திய அரசும் மாநில அரசுகளும் செய்யக்கூடியது ஏராளமாக இருக்கிறது. இழப்பீட்டு வழக்கு மட்டுமே பார்க்கும் முழுநேர அதிகாரியை, வழக்கு அதிகமுள்ள தொழில் மாவட்டங்களிலாவது அமர்த்தலாம். உத்தரவில் ஒவ்வொரு பிரச்னைக்கும் தனித்தனியே காரணம் எழுத வேண்டும் என்று விதியிலேயே சொல்லலாம். மூன்று மாதம் கடந்தால் மறுக்கப்படாத தொகை தானாகவே குடும்பத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றாக்கலாம். மேல்முறையீடு தோற்றால் வட்டி விகிதம் உயரும் என்று ஒரு வரி சேர்த்தாலே, காத்திருப்பது இலாபம் என்ற கணக்கு மாறிவிடும். இதற்குத் தொகுப்பைத் திருத்த வேண்டியிருக்கலாம், திருத்தலாம்.

அதற்கு முன் அரசு தன் வீட்டைப் பார்க்கட்டும். பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் நான்கு மத்திய அரசுக்குச் சொந்தமானவை. போக்குவரத்துக் கழகங்கள் மாநில அரசுகளுடையவை. உண்மை குறித்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு கூடாது என்று இவற்றுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை.

உறுப்பினர்கள் யாரேனும் இதைப் படித்தால், அடுத்த கூட்டத்தொடரில் நிதி அமைச்சகத்திடம் ஒரு கேள்வி கேட்கலாம். கடந்த ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் தொழிலாளர் இழப்பீட்டு உத்தரவுகளை எதிர்த்து எத்தனை மேல்முறையீடுகள் செய்தன. அவற்றில் எத்தனையில் வென்றன. வழக்குரைஞர் கட்டணமாக எவ்வளவு செலவாயிற்று. பிரச்னைக்குரிய தொகை மொத்தம் எவ்வளவு? எழுத்துமூலப் பதிலோடு நிற்காமல் துணைக் கேள்வி கேட்க வசதியாக, நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகவே கொடுப்பது நல்லது.